வாசிகசாலையில் கணினி விளையாட்டுகள்: எந்த முறையில் பட்டியலாக்குவது?

தரம் எட்டில் படிக்கும் மாணவன் ஒருவன் எங்கள் வாசிகசாலையின் மேசைக்கு வந்து, "சேர், பொலிஸ் துரத்துற கார் கேம் இரிக்கா? மட்டையில ஒரு கார், வெள்ளியும் நீலமுமா இரிக்கும்" என்று கேட்டான். கணினியில் "கார்" என்று தட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. "பொலிஸ்" என்று தட்டினேன். சட்டம் பற்றிய ஒரு பழைய நூல்தான் வந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அலமாரியைத் துடைத்தபோது அந்த இறுவட்டு கையில் அகப்பட்டது. மட்டையில் அவன் சொன்ன அதே கார். பதிவேட்டில் அது "நீட் ஃபோர் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்" என்ற பெயருடனும் ஒரு சேர்வு இலக்கத்துடனும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும் அந்த வரியில் இல்லை.

எங்கள் வாசிகசாலை மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் வாழும் ஊரவர்கள் பிள்ளைகளுக்கென்று அனுப்பும் பொதிகளில் கதைப் புத்தகங்களோடு விளையாட்டு இறுவட்டுகளும், சில வேளை பழைய பிளேஸ்டேஷன் பெட்டிகளும் வந்து சேருகின்றன. நூல்களை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். விளையாட்டுகளை எப்படி எழுதி வைத்தால் கேட்பவருக்கு அவை கிடைக்கும் என்பதில்தான் தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: நூல்களைப் போலவே சேர்வுப் பதிவேட்டில் எழுதித் தூயி தசமப் பகுப்பு இலக்கம் இடுவது, சொந்தமாக ஒரு விரிதாள் அமைப்பது, கோஹா என்ற நூலக மென்பொருளில் மார்க் 21 முறைப்படி, அதாவது ஒவ்வொரு தகவலையும் எண்ணிட்ட ஒரு புலத்தில் எழுதும் நூலக முறைப்படி, பதிவது, இணையத்தில் ஏற்கனவே இருக்கும் பொதுத் தரவுத்தளங்களைச் சார்ந்துகொள்வது. இதே நிலையில் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ ஒரு வாசிகசாலையை நடத்துபவர்களுக்கு உதவும் என்பதால், இந்த நான்கையும் எப்படி எடைபோட்டோம் என்பதை எழுதுகிறேன்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன், மேசைக்கு வருபவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வரத் தொடங்கினேன். அந்தக் கொப்பிதான் என் எண்ணத்தை மாற்றியது. விளையாட்டுகளைப் பட்டியலாக்குவது என்றவுடன் "ஆக்‌ஷன்", "அட்வென்ச்சர்" போன்ற வகைப் பெயர்களை ஒழுங்குபடுத்துவதே பெரிய வேலை என்று எண்ணியிருந்தேன். ஆனால் அந்தச் சொற்களைச் சொல்லி எவரும் கேட்கவில்லை. "எங்கட கம்பியூட்டர்ல ஓடுமா?" என்பது முதற் கேள்வி. "ரெண்டு பேர் ஒண்டா விளையாடலாமா?" என்பது அடுத்தது. "தங்கச்சிக்கு ஏதும் இரிக்கா, சண்டை இல்லாதது?" என்று அண்ணன்மார் கேட்டார்கள். ஒரு தாய், "ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளை விளையாடக் கூடியதா?" என்று கேட்டார். "போன கிழமை கொண்டு போனனே, அது மாதிரி இன்னொண்டு" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எந்த இயந்திரம், எத்தனை பேர், எந்த மொழி, எந்த வயது, மட்டையில் என்ன படம் என்ற ஐந்துக்குள் அநேகமாக எல்லாக் கேள்விகளும் அடங்கிவிட்டன. ஆகவே ஒவ்வொரு முறையையும், இந்த ஐந்து கேள்விகளுக்கு அது விடை தருகிறதா என்பதை வைத்தே அளந்தேன்.

முதலாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்வில் தூயி 1876 இல் வெளியிட்ட பகுப்பு முறை ஒரு நூலுக்கு அலமாரியில் ஓர் இடத்தைக் காட்டுவதற்கானது. அதில் கணினி விளையாட்டுகளுக்கு 794.8 என்ற இலக்கம் உண்டு, சதுரங்கத்துக்குரிய 794.1 க்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. இலக்கத்தை இன்னும் நீட்டிக்கொண்டு போகலாம் என்றாலும், எங்களைப் போன்ற சிறிய வாசிகசாலையில் எல்லா இறுவட்டுகளும் அந்த ஒரே இலக்கத்தின் கீழ் ஒரே குவியலாக வந்து சேரும். உதைபந்தாட்ட விளையாட்டொன்றை 794.8 இல் வைப்பதா, உதைபந்தாட்டம் பற்றிய நூல்களோடு 796 இன் கீழ் வைப்பதா என்று ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். எங்கே வைத்தாலும் கேட்பவரின் ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் அந்த இலக்கம் விடை சொல்லாது. பெட்டியின் முதுகில் ஒட்டுவதற்கு அது போதும்; தேடுவதற்குப் போதாது.

ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல் பல முகங்களாகப் பிரித்து விபரிக்கும் எண்ணம் நமக்குப் புதியதன்று. 1892 இல் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன், 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் அந்த வழியைத்தான் நூலக உலகுக்குக் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதும் ஒன்று. விளையாட்டுகளுக்கு அந்த முகமுகமான விபரிப்பு நூல்களைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. வகைப் பெயர்களை உற்றுப் பார்த்தால் காரணம் விளங்கும். "சுடுதல்" என்பது விளையாடுபவர் செய்யும் செயல். "திகில்" என்பது அவருக்கு உண்டாகும் உணர்வு. "விண்வெளி" என்பது கதை நடக்கும் இடம். "முதலாள் பார்வை" என்பது திரையில் காட்சி தெரியும் கோணம். ஒரே விளையாட்டு இந்த நான்காகவும் இருக்கலாம். இவற்றை ஒரு நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டு பேர் இரண்டு விதமாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்தச் சிக்கலை நூலகத் துறையில் பலர் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓலாக் என்ற ஒலி ஒளிப் பட்டியலாக்குநர் அமைப்பு, விளையாட்டுகளைப் பதிவதற்கான வழிகாட்டி ஒன்றையும், கட்டுப்படுத்தப்பட்ட வகைச்சொற் பட்டியல் ஒன்றையும் தயாரித்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சியாட்டிலில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, விளையாட்டுக்கெனவே தனியான ஒரு விபரிப்புத் திட்டத்தை வகுத்தார்கள். இவற்றைப் படித்ததில் ஒன்று தெளிவாயிற்று: விளையாட்டு என்பது நூலைப் போல எழுத்தாளர், தலைப்பு, பொருள் என்ற மூன்றோடு நிற்பதில்லை; இயந்திரமும் ஆட்களின் எண்ணிக்கையும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன.

இரண்டாவது வழியான விரிதாளை, முதலில் நாங்கள் தற்காலிக ஏற்பாடாகவே நினைத்தோம். எக்செல் தெரிந்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள், செலவு இல்லை, மின்சாரம் நின்றாலும் அச்சிட்ட தாள் மேசையில் இருக்கும். வேண்டிய நிரல்களை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பெரும்பலம். அதன் பலவீனமும் அதுவேதான். கட்டுப்பாடு இல்லாவிட்டால், ஒருவர் "பிளேஸ்டேஷன் 2" என்றும், இன்னொருவர் "பிஎஸ்2" என்றும், மூன்றாமவர் "பி.எஸ். டூ" என்றும் எழுதிவைக்க, மூன்றில் ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வராமற் போகும். எங்கள் முதல் விரிதாள் இரண்டு மாதத்தில் இப்படித்தான் கலைந்துபோனது. இரண்டாவது முறை, இயந்திரம், மொழி, வயது ஆகிய நிரல்களில் கையால் எழுத விடாமல், கீழே விரியும் பட்டியலிலிருந்து மட்டும் தெரிவுசெய்யும்படி பூட்டினோம். அதன்பின் அந்தக் குழப்பம் இல்லை.

நிரல்கள் எவை என்பதில் இரண்டு பாடங்களைப் பட்டுத்தான் கற்றோம். முதலாவது, இயந்திரத்தின் பெயர் மட்டும் போதாது. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2 க்கு, பிராந்தியப் பூட்டு என்ற ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் விற்ற இறுவட்டு ஐரோப்பாவில் விற்ற பெட்டியில், அந்தப் பெட்டியை மாற்றியமைக்காத வரையில், ஓடாது. எங்களுக்கு வந்த பெட்டி பிரான்சிலிருந்து. இறுவட்டுகளில் பாதி கனடாவிலிருந்து. ஒரு பிள்ளை வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்து, ஆசையோடு இறுவட்டைப் போட, திரையில் இறுவட்டை வாசிக்க முடியவில்லை என்ற ஆங்கில வரி வந்தது. அவள் தான் எதையோ பழுதாக்கிவிட்டதாக எண்ணி அழுதுவிட்டாள். பிராந்தியம் என்ற ஒரு நிரல் பதிவில் இருந்திருந்தால் அந்த இறுவட்டு அவள் கைக்கே போயிருக்காது. அதற்குப் பின் வந்த பிளேஸ்டேஷன் 3 இறுவட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டு இல்லை. ஆகவே அந்த நிரலில் வெறும் பெயரை எழுதாமல், "எங்கள் பெட்டியில் ஓடும்", "ஓடாது" என்று நாங்களே போட்டுப் பார்த்து எழுதுகிறோம்.

இரண்டாவது பாடம் ஆட்களின் எண்ணிக்கை பற்றியது. "2 பேர்" என்று எழுதினால் போதும் என்று நினைத்தோம். 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் இரண்டு பேர் விளையாடலாம்; ஆனால் ஒருவர் முறை முடிந்த பின்தான் மற்றவர் முறை வரும். கொன்ட்ரா என்ற விளையாட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே திரையில், தோளோடு தோள் நின்று விளையாடுவார்கள். "ஒண்டா விளையாடலாமா" என்று கேட்ட பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. இயந்திரத்தைப் பொறுத்தும் விடை மாறும். மைன்கிராஃப்டின் பழைய பிளேஸ்டேஷன் பதிப்பில் திரையைப் பிரித்து நான்கு பேர் வரை விளையாடலாம்; கணினிக்கான ஜாவா பதிப்பில் திரையைப் பிரிக்கும் வசதி இல்லை. பெயர் ஒன்றுதான், கையில் இருக்கும் பொருள் வேறு. எனவே ஆட்கள் என்ற நிரலை "ஒருவர்", "முறை மாற்றி", "ஒரே திரையில் சேர்ந்து", "வலையமைப்பில் சேர்ந்து" என்று நான்காகப் பிரித்தோம். இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு கணினியும், அதைச் சுற்றி நான்கு பிள்ளைகளும் இருக்கும் ஊரில், வேறெந்த நிரலையும்விட இதுதான் தேவை என்பது என் பதில்.

மூன்றாவது வழியான கோஹாவை மதிப்போடுதான் பார்க்கிறேன். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய பிரதேசத்து நூலகங்களுக்காக 1999 இல் உருவாக்கத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள் அது. நூலகத்துக்குத் தேவையான எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன: யார் எதை இரவல் எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும், எது முன்பதிவில் இருக்கிறது என்பவற்றை விரிதாள் ஒருபோதும் இவ்வளவு ஒழுங்காகத் தராது. அதன் அடியில் இருக்கும் மார்க் 21 வடிவத்தில் விளையாட்டுகளுக்கும் இடம் உண்டு. 753 ஆம் புலத்தில் இயந்திரத்தையும், 538 இல் தேவையான கணினி விபரங்களையும், 521 இல் வயதுக் குறிப்பையும், 546 இல் மொழியையும், 655 இல் வகையையும் எழுதலாம். தலைப்பின் மாற்று வடிவங்களுக்கு 246 ஆம் புலம் இருக்கிறது. வேறு மொழியின் எழுத்துகளில் எழுத 880 இருக்கிறது. பெரிய நூலகங்கள் ஏற்கனவே எழுதிய பதிவுகளை இணையம் வழியே இறக்கிக்கொள்ளவும் முடியும்.

ஆயினும், சிறிய வாசிகசாலை ஒன்று விளையாட்டுகளுக்காக மட்டும் கோஹாவுக்குப் போக வேண்டாம் என்பேன். லினக்ஸ் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வழங்கிக் கணினி ஒன்று எந்நேரமும் ஓட வேண்டும். காப்புப் பிரதி ஒழுங்காக எடுக்கப்பட வேண்டும். தமிழில் தேடல் சரியாக நடப்பதற்கு, அதன் தேடுபொறியைத் தொடக்கத்திலேயே யூனிகோட் சொற்பிரிப்புக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்னர் திருத்துவது பெரும்பாடு. இறக்கிக்கொள்ளும் பதிவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், மேசையில் கேட்கப்படும் சொல் அவற்றிலும் இராது. நூல்களுக்காகக் கோஹாவை ஏற்கனவே நடத்திவரும் நூலகங்களுக்கு இது பொருந்தாது: பல்கலைக்கழக நூலகமோ பெரிய பொது நூலகமோ அதை வைத்திருந்தால், விளையாட்டுகளையும் அங்கேயே பதிய வேண்டும், ஒரே நூலகத்தில் இரண்டு பட்டியல்கள் இருப்பது இரண்டையும் கெடுக்கும்.

நான்காவது வழியில் இரண்டு தரவுத்தளங்களைப் பார்த்தோம். 1999 மார்ச்சில் தொடங்கிய மோபிகேம்ஸ், தன்னார்வலர்கள் சேர்த்த பெருங்களஞ்சியம். ஒரே விளையாட்டு ஒவ்வொரு இயந்திரத்திலும் எந்த மட்டையோடு வந்தது, யார் யார் உழைத்தார்கள் என்பதை அவ்வளவு விரிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை. வகையையும் பார்வைக் கோணம், களம், ஆட்டமுறை என்று முகமுகமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. பெயர் அழிந்துபோன ஓர் இறுவட்டை அடையாளம் காண நான் முதலில் போவது அங்கேதான். ஆனால் அது ஆங்கிலத் தளம். அதன் எழுத்துகளையும் படங்களையும் அப்படியே எடுத்து எங்கள் பட்டியலில் ஒட்ட முடியாது. 2022 இல் அட்டாரி நிறுவனம் அதை வாங்கியது. உசாத்துணைக்கு அது நல்ல இடம், ஆனால் எங்கள் பட்டியலின் அத்திவாரமாக இருக்க முடியாது.

விக்கித்தரவு வேறு விதமானது. 2012 இல் தொடங்கிய இந்தத் தரவுத்தளத்தில் உள்ளவற்றை எவரும் எந்த நிபந்தனையும் இன்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் மாறாத ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தின் கீழ் உருவாக்கியவர், வெளியிட்டவர், இயந்திரம், வெளிவந்த திகதி, குறைந்த, கூடிய ஆட்களின் எண்ணிக்கை, வயதுத் தரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் இருக்கின்றன. பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே எழுதலாம். மாற்றுப் பெயர்களையும் வேண்டிய அளவு சேர்க்கலாம். மூன்று மொழிகளும் புழங்கும் அம்பாறை மாவட்டத்து நூலகம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை: அம்பாறை நகரில் ஒரு பிள்ளை சிங்களத்தில் தேடினாலும், சம்மாந்துறையில் ஒரு பிள்ளை தமிழில் தேடினாலும் ஒரே பதிவில் வந்து நிற்கும்.

இலக்கத்தின் அருமையை எங்கள் கார் விளையாட்டே காட்டியது. மோஸ்ட் வான்டட் என்ற அதே பெயரில் இரண்டு விளையாட்டுகள் உள்ளன. 2005 இல் வந்தது கனடாவில் இருந்த பிளாக் பொக்ஸ் குழு உருவாக்கியது. 2012 இல் வந்தது இங்கிலாந்தின் கிரைட்டீரியன் உருவாக்கியது. காரும் வேறு, நகரமும் வேறு, தேவைப்படும் கணினியின் வலுவும் வேறு. டூம் 1993 இலும் 2016 இலும், டூம் ரைடர் 1996 இலும் 2013 இலும், கோட் ஒஃப் வோர் 2005 இலும் 2018 இலும் இப்படியே ஒரே பெயரில் வந்திருக்கின்றன. முதல் சோடியில் வரும் டூமும் இரண்டாவதில் வரும் டூமும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பெயர் மாறும் தொடர்களும் உண்டு: பிஃபா என்று ஆண்டுதோறும் வந்த உதைபந்தாட்ட விளையாட்டு 2023 முதல் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று வருகிறது, புரோ எவலூஷன் சொக்கர் 2021 இல் ஈஃபுட்போல் ஆயிற்று. பெயரை மட்டும் நம்பினால் ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். இலக்கமும் ஆண்டும் பதிவில் இருந்தால் அந்தக் குழப்பம் நேராது.

விக்கித்தரவுக்கும் ஒரு குறை உண்டு. அது படைப்பை விபரிக்கிறது. எங்கள் அலமாரியில் இருக்கும் பிரதியை விபரிப்பதில்லை. கீறல் விழுந்ததா, மட்டை இருக்கிறதா, எங்கள் பெட்டியில் ஓடுமா என்பவற்றை நாமே எழுத வேண்டும். எழுத்தும் பேச்சும் ஜேர்மன் மொழியில் மட்டும் உள்ள ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது. அதே விளையாட்டின் ஆங்கிலப் பிரதியும் இருக்கிறது. படைப்பு ஒன்று, பிரதிகள் இரண்டு. இந்த வேறுபாட்டைப் பதிவில் காட்டாவிட்டால், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக வந்த அந்தத் தாயின் கையில் ஜேர்மன் இறுவட்டைக் கொடுத்து அனுப்புவோம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தப்ப முடியாத ஒன்று தமிழ் எழுத்து. இதில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் செலவாயிற்று. மைன்கிராஃப்ட், மைன்கிராப்ட், மைன்க்ராஃப்ட் என்று ஒரே பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுகிறார்கள். எவரையும் பிழை என்று சொல்ல முடியாது. நாங்கள் உதைபந்தாட்டம் என்று எழுதுவதைத் தமிழ்நாட்டுத் தளங்களில் படித்துப் பழகிய பிள்ளை கால்பந்து என்று தேடுகிறது; துடுப்பாட்டம் என்று எழுதினால் கிரிக்கெட் என்று தேடுபவருக்கு வராது, கிரிக்கட் என்று தேடுபவருக்கு அதுவும் வராது. ஆகவே ஒரு வடிவத்தைத் தலைப்பாக நிறுத்தி, மற்றவை எல்லாவற்றையும் "வேறு பெயர்கள்" என்ற நிரலில் எழுதுகிறோம். காரைதீவில் 1892 இல் பிறந்து, தமிழில் கலைச்சொல் ஆக்கத்துக்கு முன்னின்று உழைத்த விபுலாநந்த அடிகளின் மண்ணில் இருந்துகொண்டு, நல்ல தமிழ்ச் சொல்லைத் தலைப்பில் வைக்காமல் விட எனக்கு மனம் வராது. அதற்காக, மக்கள் வழங்கும் சொல்லைப் பதிவிலிருந்து தள்ளிவைப்பதும் சரியன்று. தலைப்பில் "பந்தயம்" இருக்கட்டும். வேறு பெயர்களில் "கார் கேம்" இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. பழைய பட்டியல்களைப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதியிருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே; யூனிகோடுக்கு மாற்றாமல் அவற்றில் தேட முடியாது. யூனிகோடிலும் "கொ" என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக இடலாம், தனித்தனியாகவும் இடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சில மென்பொருள்கள் அவற்றை வெவ்வேறு எழுத்துகளாகக் கொள்ளும். "கொன்ட்ரா" பதிவில் இருந்தும் தேடலில் வராமல் எங்களைப் பாதி நாள் அலைக்கழித்தது இதுதான். எல்லாரும் ஒரே விசைப்பலகை மென்பொருளைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்த பின் அது மீண்டும் நேரவில்லை.

வயது பற்றிச் சுருக்கமாக: கனடாவிலிருந்து வரும் பெட்டிகளில் ஈஎஸ்ஆர்பி தரமும், பிரான்சிலிருந்து வருபவற்றில் பெகி தரமும், ஜேர்மனியிலிருந்து வருபவற்றில் யூஎஸ்கே தரமும் அச்சிடப்பட்டிருக்கும். பெகி 3, 7, 12, 16, 18 என்றும், யூஎஸ்கே 0, 6, 12, 16, 18 என்றும் எண்ணில் சொல்லும். ஈஎஸ்ஆர்பி எழுத்தில் சொல்லும், அதில் "எம்" என்பது 17 வயதும் அதற்கு மேலும். மட்டையில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் எங்கள் தீர்மானத்தை எழுதுகிறோம். வன்முறை மிகுந்த வைஸ் சிட்டி போன்றவற்றைப் பிள்ளைகளின் அலமாரியில் வைப்பதில்லை. ஆனால் பட்டியலிலிருந்து மறைப்பதும் இல்லை. எங்களிடம் இருப்பது எங்களிடம் இருக்கிறது என்று பட்டியல் உண்மை சொல்ல வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை மேசையில் இருப்பவர் தீர்மானிக்கட்டும்.

இவற்றையெல்லாம் வைத்து நாங்கள் எடுத்த தீர்மானம் இது. பெட்டியின் முதுகில் 794.8 என்ற இலக்கத்தையும் இயந்திரத்தின் நிறப் பட்டியையும் ஒட்டுகிறோம். பட்டியல் பூட்டிய விரிதாளில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் விக்கித்தரவு இலக்கத்தை எழுதி, தமிழ்ப் பெயர் அங்கே இல்லாவிட்டால் அன்றைக்கே சேர்த்துவிடுகிறோம். எங்கள் உழைப்பு எங்கள் கணினியோடு அழியாமல், வேறு ஊர் வாசிகசாலைக்கும் பயன்பட அதுவே வழி. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை விக்கி வடிவில் பட்டியலிட்டுவரும் நூலகம் திட்டம், தன்னார்வலர்களால் இத்தகைய வேலையைத் தமிழில் ஆண்டுக்கணக்காகச் செய்ய முடியும் என்பதை ஏற்கனவே காட்டியிருக்கிறது. நிரல்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் அவற்றுக்குரிய மார்க் 21 புல இலக்கத்தையும் சிறிய எழுத்தில் இட்டிருக்கிறோம். என்றாவது பிரதேச சபை நூலகங்களெல்லாம் கோஹாவுக்குப் போனால், திரும்ப எழுத வேண்டிய தேவை இராது.

வகை என்ற நிரலைக் கடைசிக்கு முந்தியதாகத்தான் வைத்தோம். அதை நிரப்பாவிட்டாலும் பதிவு செல்லும். நிரப்புபவர் ஒற்றைச் சொல் தேடி இடர்ப்படாமல் ஒரு வரியில் எழுதலாம். ஆங்கிலத்தில் ஆர்பிஜி என்று சொல்வதைப் பாத்திரமேற்பு என்று மொழிபெயர்த்தால் எங்கள் ஊரில் எவருக்கும் விளங்காது, "ஊர் ஊராகப் போய்ப் பலம் சேர்க்கும் நீண்ட கதை, வாசிக்க நிறைய இருக்கும்" என்று எழுதினால் கேட்ட பிள்ளை தனக்கு வேண்டுமா இல்லையா என்று தானே சொல்லிவிடும்.

விரிதாளின் கடைசி நிரலுக்கு "கேட்ட சொல்" என்று பெயர். மேசைக்கு வந்தவர் ஒரு விளையாட்டை எந்தச் சொற்களால் கேட்டாரோ, அவற்றை மாற்றாமல், அவர் போவதற்கு முன்னே அந்த நிரலில் எழுதிவிட வேண்டும் என்பது விதி. அதன் முதல் வரியில், 2005 ஆம் ஆண்டின் மோஸ்ட் வான்டட்டுக்கு நேரே, "பொலிஸ் துரத்துற கார் கேம், வெள்ளியும் நீலமும்" என்று எழுதியிருக்கிறது. அதை எழுதிய அடுத்த கிழமை அந்த மாணவன் வந்தபோது தானே திரையில் "பொலிஸ்" என்று தட்டினான். இரண்டு விடைகள் வந்தன. இரண்டாவதாக வந்ததைச் சுட்டிக்காட்டி, "இதுதான் சேர்" என்றான்.